காட்டாத காட்சி ஏன் அதிகம் கலங்க வைக்கிறது? ஐரோப்பியக் காமத் திகில் கலைப்படங்களில் அதிர்ச்சியும் விலக்கும்

கேள்வி

நண்பர்களுக்கு வணக்கம். காமமும் திகிலும் பிணைந்து வரும் ஐரோப்பியக் கலைப்படங்களைக் கடந்த சில மாதங்களாக ஆண்டு வரிசைப்படி பார்த்து வருகிறேன். தொடங்கும்போது நான் எதிர்பார்த்ததற்கும் இப்போது மனத்தில் தங்கியிருப்பதற்கும் பொருத்தமே இல்லை. இப்படங்களை ஊன்றிப் பார்த்தவர்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம் என்று எழுதுகிறேன்.

வாலேரியன் பொரோவ்சிக் பிரான்சில் இயக்கிய ‘லா பெத்’ (1975) எதையும் மறைக்காத படம். குதிரைகளின் இணைவில் தொடங்கி, காட்டில் ஒரு சீமாட்டியைத் துரத்தும் விலங்கின் மிகையான ஆவேசம் வரை, ஸ்கார்லாட்டியின் ஹார்ப்சிகார்ட் இசை பின்னணியில் ஒலிக்க, எல்லாவற்றையும் நம் கண்ணெதிரே வைத்துவிடுகிறது. முதல் முறை திகைத்துப்போனேன். இரண்டாம் முறை அந்தத் திகைப்பு வரவேயில்லை. சுவரொட்டி ஓவியராகவும் அசைவூட்டப் படக் கலைஞராகவும் இருந்து இயக்குநரானவர் அவர். பொருள்களைச் சட்டகத்துக்குள் அடுக்கி வைப்பதில் அவருக்குள்ள நேர்த்தியை மட்டுமே கவனித்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு நேர்மாறாக, மணமுறிவைச் சொல்லும் ஆந்த்ரேய் ஜுவாவ்ஸ்கியின் ‘பொசெஷன்’ (1981) படத்தில் சுரங்க ரயில் நிலையத்து நடைவழிக் காட்சி அமைந்திருக்கிறது. இசபெல் அஜானி நீல உடையில், கையில் மளிகைப் பையுடன் தனியாக வருகிறார். முதலில் சிரிக்கிறார்; பிறகு பையைச் சுவரில் ஓங்கி அடிக்கிறார்; பால் தெறித்து உடையெல்லாம் நனைகிறது. உடல் தன் போக்கில் துடிக்கத் தொடங்கி, ஈரத்தரையில் மண்டியிட்டு, வெளியேறக் கூடாத ஏதோ ஒன்று அவருக்குள்ளிருந்து வெளியேறுகிறது. சில நிமிடங்களே நீளும் அக்காட்சியில் ஆடை களைவதில்லை, வேறொருவர் இல்லை, அரக்கனும் இல்லை. ஆனால் இதை ஒரே வாரத்தில் இரண்டு முறை பார்த்தபோது, இரண்டாம் முறைதான் தாங்க முடியாமல் நடுவில் நிறுத்தினேன்.

அனைத்தையும் காட்டிய படம் பழகிப்போக, பெரும்பாலும் ஒரு நடிகையின் உடலசைவை மட்டுமே காட்டிய காட்சி பழக மறுப்பது ஏன்? அதிர்ச்சி என்பதும் விலக்கை, அதாவது கூடாது என்று சமூகம் வகுத்த தடையை, மீறுவது என்பதும் ஒன்றுதானா, வெவ்வேறா?

மறுமொழி 1

வணக்கம். கேள்வியின் கடைசி வரியிலேயே விடையின் பாதி இருக்கிறது என்று நினைக்கிறேன். இரண்டும் வெவ்வேறு. அதிர்ச்சி என்பது ஒரு நிகழ்வு. எதிர்பாராமையில் பிறப்பதால், எதிர்பார்க்கத் தெரிந்தவுடன் செத்துவிடுகிறது. விலக்கு என்பது உறவு. பார்ப்பவருக்குள் அது உயிரோடு இருக்கும் வரையில்தான் அதை மீறும் காட்சிக்கும் உயிர் இருக்கும். பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஜார்ஜ் பத்தாய் 1957இல் வெளியிட்ட காமம் பற்றிய நூலில் இதைத்தான் வலியுறுத்தினார்: மீறல் விலக்கை அழிப்பதில்லை, அதை முழுமையாக்குகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். ‘லா பெத்’ தன் விலக்கைப் பார்த்துச் சிரித்துக் கலைத்துவிடுகிறது. அது வேண்டுமென்றே செய்த கேலி, அந்த வகையில் வெற்றியும்கூட. ‘பொசெஷன்’ கலைப்பதில்லை. மனைவி, தாய், விசுவாசி ஆகிய மூன்று பிடிகளும் ஓர் உடலை விட்டு ஒரே நேரத்தில் நழுவுவதை அந்த நடைவழியில் காண்கிறோம். அங்கே தன்னிடமிருந்து கருச்சிதைந்து போனது நம்பிக்கை என்று அவளே பின்னர் கணவனிடம் சொல்கிறாள். அதற்கு முந்தைய காட்சியில் தேவாலயச் சிலுவையின் முன் நின்று அவள் விலங்கைப்போல முனகியதையும் சேர்த்துப் பாருங்கள்.

இதற்குப் படத்தை விற்றவர்களே அறியாமல் ஒரு சோதனை செய்து வைத்திருக்கிறார்கள். 124 நிமிடப் படத்தை அமெரிக்க வெளியீட்டுக்காக ஏறத்தாழ 81 நிமிடமாக வெட்டி, காட்சிகளின் வரிசையையும் மாற்றினார்கள். மணமுறிவின் பெரும்பகுதி போய்விட்டது. மனைவி மறைத்து வைத்திருக்கும், கார்லோ ராம்பால்டி உருவாக்கிய அந்த விசித்திர உயிரி மட்டும் முன்னுக்கு வந்தது. அதிர்ச்சி அத்தனையும் அப்படியே இருந்தது, ஆனால் படம் சாதாரண அரக்கன் கதையாகச் சுருங்கிப்போனது. மணவாழ்க்கை என்ற விலக்கு உருவாகிவர நேரம் தராமல் மீறலை மட்டும் காட்டினால் இதுதான் கிடைக்கும்.

காட்டாமலே மீறுவதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் பெல்ஜியத்தின் ஹாரி குமெல் இயக்கிய ‘டாட்டர்ஸ் ஆஃப் டார்க்னஸ்’ (1971). ஆள் நடமாட்டம் ஓய்ந்த பருவத்தில் ஆஸ்டெண்ட் கடற்கரையின் பெரிய விடுதி ஒன்றில் புதுமணத் தம்பதியர் தங்குகிறார்கள். டெல்ஃபின் செய்ரிக் நடித்த சீமாட்டி, வரலாற்றுக் கொலைகாரியான எலிசபெத் பாத்தரி செய்த சித்திரவதைகளை விவரிக்கத் தொடங்குகிறாள். மணமகன் அடுத்த வரியை எடுத்துக் கொடுக்கிறான். இருவரும் மாறி மாறிச் சொல்லச் சொல்ல மூச்சு ஏறுகிறது. அவள் கைகள் அவன் உடலைத் தடவிக்கொண்டிருக்கின்றன. மனைவி நிறுத்தச் சொல்லிக் கதறுகிறாள். ஒரு துளி இரத்தம்கூடத் திரையில் இல்லை. கொடுமையைச் சொல்வதே இன்பமாவதைப் பார்த்துக்கொண்டு, அந்த இன்பத்தில் நமக்கும் பங்கிருப்பதை உணர்ந்து நாணுகிறோமே, அதுதான் விலக்கு. அப்படத்தில் காட்சிகள் கருமையில் மறையாமல் சிவப்பில் மறையும். காட்டாத இரத்தத்தை அந்தச் சிவப்பே நினைவூட்டிக்கொண்டிருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த வகைக்குப் பெயர் தேடி விமர்சகர்கள் படும் பாட்டைப் படிக்கும்போதெல்லாம் நம் மொழியின் ‘அணங்கு’ என்ற சொல்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. வருத்தும் தெய்வம், வருத்தம், மயக்கும் பெண் என்று மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கிய மொழி இது. நம் பழைய இலக்கணம் அச்சம் பிறக்கும் இடங்களை எண்ணும்போது விலங்குக்கும் கள்வருக்கும் முன்னால் அணங்கைத்தான் வைக்கிறது. செய்ரிக்கின் சீமாட்டியை வேறு எந்தச் சொல்லாலும் இவ்வளவு துல்லியமாகச் சுட்ட முடியாது.

மறுமொழி 2

முந்தைய நண்பர் எழுதியதை ஏற்கிறேன். ஆனால் இப்படங்கள் தத்துவத்திலிருந்து மட்டும் முளைத்தவை அல்ல. சட்டமும் பணமும் திறந்துவிட்ட சிறிய இடைவெளியில் முளைத்தவை. அதைப் பார்க்காவிட்டால் ஏன் 1970இலிருந்து 1975 வரை இத்தனை படங்கள் குவிந்தன என்பது விளங்காது.

டென்மார்க் 1969இல் பாலியல் படங்களின் மீதான தடையை நீக்கியது. பிரிட்டனில் 1970இல் வயது வந்தோருக்கு மட்டுமான எக்ஸ் சான்றிதழுக்குரிய வயது 16இலிருந்து 18 ஆக உயர, திகில் படங்களுக்குப் பெயர்பெற்ற ஹாம்மர் நிறுவனம் அதே ஆண்டு ‘தி வேம்பயர் லவ்வர்ஸ்’ படத்தின் மூலம் அந்த இடைவெளிக்குள் நுழைந்தது. பிரான்சில் 1974இல் ஜிஸ்கார் டெஸ்டாங் குடியரசுத் தலைவரானதும் தணிக்கை தளர்ந்தது. பொரோவ்சிக்கின் ‘ஒழுக்கக்கேடான கதைகள்’ அந்த ஆண்டே வெளியானது. ‘லா பெத்’ படத்தின் மையப்பகுதி முதலில் அத்தொகுப்பின் ஒரு கதையாகத்தான் எடுக்கப்பட்டது. ஆனால் 1975 டிசம்பர் 30ஆம் நாள் நிதிச்சட்டம் வந்து, ஆபாசப் படங்களையும் வன்முறையைத் தூண்டும் படங்களையும் தனி வகையாகப் பிரித்து, அரசு உதவியை மறுத்து, கூடுதல் வரியும் சுமத்தியது. காமம், வன்முறை என்று இந்தப் படங்களின் இரண்டு சரக்குகளையும் அது ஒரே வலையில் பிடித்ததைக் கவனியுங்கள். கலைக்கும் ஆபாசத்துக்கும் நடுவில் நின்ற படங்கள் இனிமேல் ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டிய நிலை ஏற்பட்டது.

ஸ்பெயினின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியில் ஒரே காட்சியை இரண்டு முறை படமாக்கும் வழக்கம் இருந்தது: உள்நாட்டுத் திரைக்கு ஆடையோடு, வெளிநாட்டுச் சந்தைக்கு ஆடையில்லாமல். அதே விளக்கு, அதே வசனம், அதே நடிகை. விலக்கு மட்டும் எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேறு வேறு. தணிக்கை முறைப்படி ஒழிந்தது 1977இல்தான். விசென்தே அராந்தாவின் ‘இரத்தம் தெறித்த மணமகள்’ (1972) போன்ற படம், கணவனின் வன்முறைக்கு எதிராக ஒரு பெண் இரத்தக்காட்டேரியின் பக்கம் சாய்வதை அந்த ஆட்சி நடக்கும்போதே எடுத்துக்காட்டியது என்பதை நினைத்துப் பார்த்தால், அதன் துணிச்சல் ஆடைக்குறைப்பில் இல்லை என்பது புலப்படும்.

ஜுவாவ்ஸ்கியும் இப்படிப்பட்ட ஒரு சுவரிலிருந்து வந்தவர்தான். அவர் எடுத்துக்கொண்டிருந்த பெரிய அறிவியல் புனைவுப் படத்தைப் போலந்து அதிகாரிகள் 1977இல் பாதியில் நிறுத்தினார்கள், திருமணமும் முறிந்தது. அதன் பிறகுதான் மேற்கு பெர்லினில், சுவரை ஒட்டிய வீட்டில், கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் கிழித்துக்கொள்ளும் கதையை எடுத்தார். பிறகு பிரிட்டனில் அந்தப் படமே 1980களில் வீட்டுக் காணொளி நாடாக்கள் குறித்து எழுந்த பீதியில் அரசு வழக்குத்தொடுநரின் பட்டியலில் மலிவான இரத்தப் படங்களோடு சேர்க்கப்பட்டது. பிரான்சின் கான் திரைப்பட விழாவில் நாயகிக்குச் சிறந்த நடிகை விருது வாங்கித்தந்த படம் அது.

மறுமொழி 3

ஒரு பெண் பார்வையாளராக, முதல் மறுமொழி எழுதிய நண்பருடன் ஓரிடத்தில் மாறுபடுகிறேன். அணங்கு என்ற சொல்லின் அழகை நானும் அறிவேன். ஆனால் அச்சத்தையும் ஆசையையும் பெண்ணின் உடலில் ஏற்றிவிட்டு, பார்ப்பவன் விலகி நின்று நடுங்குவதற்கும் அந்தச் சொல்லே இடம் தருகிறது. இந்தப் படங்களில் மிகப் பெரும்பாலானவை செய்திருப்பதும் அதைத்தான். விலக்கை மீறுவதாகப் பெயர் எடுப்பவர் இயக்குநர். மீறலின் வலியைச் சுமப்பவர் நடிகை. சுரங்க நடைவழிக் காட்சி மறக்க முடியாதது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதே நேரம், அந்தப் படத்தின் பாதிப்பிலிருந்து மீளத் தமக்குப் பல ஆண்டுகள் ஆயின என்று அஜானி பின்னாளில் பேசியிருப்பதையும் மறக்க நான் தயாராக இல்லை. கேள்வி கேட்டவர் இரண்டாம் முறை நடுவில் நிறுத்தியதற்கு ஒரு காரணம், திரையில் தெரிவது நடிப்பா துன்பமா என்று பிரித்தறிய முடியாமல் போனதாகவும் இருக்கலாம்.

லார்ஸ் வான் ட்ரையரின் ‘ஆன்டிகிரைஸ்ட்’ (2009) பற்றியும் எனக்கு இதே மனக்குறை உண்டு. ஹாண்டலின் பாடல் ஒலிக்க, கருப்பு வெள்ளையில், மிக மெதுவாக நகரும் தொடக்கத்தில் பெற்றோரின் கலவியும் குழந்தையின் மரணமும் ஒரே கணத்தில் நிகழ்கின்றன. இன்பத்தின் பேரில் ஒரு தாய் தன்னை மன்னிக்க முடியாமல் தவிக்கும் அந்த இடம்தான் உண்மையான விலக்கு. பிற்பகுதியின் உறுப்புச் சிதைப்போ அந்தத் துயரத்தைக் கேட்க விடாமல் உரக்கக் கத்துகிறது. கான் விழாவின் கிறித்தவ நடுவர் குழு அதற்கு ‘எதிர்விருது’ அறிவித்தது. அதே விழாவின் முதன்மை நடுவர் குழு சார்லட் கென்ஸ்பூருக்குச் சிறந்த நடிகை விருது அளித்தது. அந்த இரண்டில், படத்தில் எது நிலைக்கும் என்பதைச் சரியாகக் கண்டது நடிகைக்குக் கிடைத்த விருதுதான்.

பெண் இயக்குநர்களிடம் வரும்போது அதிர்ச்சியின் திசை மாறுகிறது. கிளேர் டெனியின் ‘ட்ரபிள் எவ்ரி டே’ (2001) படத்தில் ஒளிப்பதிவாளர் ஆன்யேஸ் கொதாரின் கேமரா தோலுக்கு மிக அருகில் செல்கிறது. மயிர்க்கால், மச்சம், தொப்புள் என்று உடல் ஒரு நிலப்பரப்பாக விரிந்து, எது யாருடையது என்றே தெரியாமல் போகிறது. நடிகை பெயத்ரிஸ் தால் தரும் முத்தம் எந்தக் கணத்தில் கடியாக மாறியது என்று சுட்டிக்காட்ட முடியாது. அந்த எல்லையைக் காண முடியாததுதான் அங்கே நம்மை உலுக்குகிறது.

ஜூலியா டுகூர்னோவின் ‘ரா’ (2016) டொரண்டோ விழாவில் சிலரை மயங்கி விழச் செய்தது என்ற செய்திதான் உலகெங்கும் பரவியது. அறுந்துபோன அக்காளின் விரலைத் தங்கை சுவைக்கும் காட்சியில் என்னை உறைய வைத்தது விரல் அல்ல. மயக்கம் தெளிந்து கண் திறக்கும் அக்காள் கண்ணீர் விட்டபடி தங்கையைப் பார்ப்பது. அருவருப்பு ஒரு நொடியில் கடந்துவிடுகிறது, தங்கையும் தன்னைப் போலவே மனித இறைச்சிக்கு ஏங்குபவள்தான் என்று அவள் அறிந்துகொள்ளும் அந்தப் பார்வை கடப்பதில்லை. இதே இயக்குநர் 2021இல் ‘டிடான்’ படத்துக்காகக் கான் விழாவின் தங்கப்பனை விருது பெற்றபோது, அதை வென்ற இரண்டாவது பெண் இயக்குநரானார். முதலாமவர் 1993இல் வென்ற ஜேன் காம்பியன்.

மீண்டும் கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்றாம் மறுமொழியைப் படித்த பிறகு நேற்றிரவு அந்த நடைவழிக் காட்சியை நிறுத்தாமல் முழுமையாகப் பார்த்தேன். கேமரா அஜானியை விட்டு விலகுவதில்லை, உதவிக்கு நெருங்குவதும் இல்லை என்பது இம்முறைதான் உறைத்தது. நான் கலங்கியதற்கு அந்தத் தொலைவும் காரணமாக இருக்கலாம்.

அடுத்து குமெல், டெனி என்ற வரிசையில் பார்க்க எண்ணுகிறேன். ‘பொசெஷன்’ படத்தை இன்னொரு நண்பருக்கும் பரிந்துரைத்திருக்கிறேன். அவர் எந்தப் பதிப்பைத் தேட வேண்டும்?

மறுமொழி 1 எழுதியவர்

124 நிமிடப் பதிப்பு மட்டுமே. கையில் கிடைத்தது 80 நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடுகிறது என்றால் அது வெட்டப்பட்ட அமெரிக்கப் பதிப்பு. அதைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மூன்றாம் மறுமொழி எழுதிய சகோதரி சொன்னதை நானும் மறுக்கவில்லை. சீமாட்டியை அணங்கு என்று எழுதிய நான், அந்தக் காட்சியில் கதறும் மனைவியின் பக்கத்திலிருந்து ஒருமுறைகூட அதைப் பார்த்ததில்லை. இந்த வாரம் அப்படிப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.