கால் மணி நேரத்தில் வள்ளத்து எஞ்சின் அணைகிறது, அவசரம்

இரையுமன்துறை_வள்ளம்:
கரையில் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறது. கடலுக்குள் போய்க் கால் மணி நேரத்தில் வேகம் குறைந்து அணைந்துவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து இழுத்தால் மறுபடி ஓடுகிறது. பிளக் புதிது. கார்புரேட்டரும் கழுவியாகிவிட்டது. விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும் இந்த ஜூன், ஜூலையில்தான் மீனுக்கு விலை கிடைக்கும். நாளை விடியற்காலை போயாக வேண்டும்.

கடியப்பட்டணம்_காற்று:
எத்தனை எச்பி? டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா? மண்ணெண்ணெயா, பெட்ரோலா? ஒன்றுமே சொல்லவில்லையே மக்கா.

சுக்கான்:
பின்னால் தண்ணீர் பீய்ச்சுகிறதா? இல்லையென்றால் இம்பெல்லர்தான், எஞ்சினைக் குளிரவைக்கத் தண்ணீரை இறைக்கும் சக்கரம். மணல் கலந்த தண்ணீரில் ஓட்டி ஓட்டி ரப்பர் இதழ் தேய்ந்திருக்கும். சூடேறினால் அணையும், ஆறினால் ஓடும்.

இரையுமன்துறை_வள்ளம்:
9.9, டூ ஸ்ட்ரோக், மண்ணெண்ணெய். அப்பா காலத்து எஞ்சின். தண்ணீர் நன்றாக வருகிறது.

பொறி:
அப்படியானால் காயில், பிளக்குக்குப் பொறி கொடுக்கும் மின்சுருள். சூடானதும் சில காயில் செத்துவிடும். அணைந்த உடனே, ஆற விடாமல், பிளக்கைக் கழற்றி எஞ்சின் இரும்பில் தொடவைத்து இழுத்துப் பாருங்கள். பொறி வந்தால் காயில் சரி. பிளக் ஓட்டையை விட்டுத் தள்ளி வையுங்கள், எண்ணெய் ஆவி தீப்பிடித்துக்கொள்ளும்.

குளச்சல்_மெக்கானிக்:
காரணம் தெரியாமல் கார்புரேட்டரைக் கழற்றுவதே இப்போதைய பிள்ளைகளுக்கு வழக்கமாகிவிட்டது. டேங்க் மூடியில் காற்றுத் திருகு ஒன்று இருக்கிறது, அதையாவது பார்த்தீர்களா? அது மூடியிருந்தால் எண்ணெய் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகும், எஞ்சினிலுள்ள எண்ணெய் பம்ப் இழுக்காது. அப்புறம், பல்பு என்று சொல்வோமே, குழாய் நடுவில் இருக்கும் அந்த ரப்பர் கை பம்ப், எஞ்சின் திணறும்போது அதைத் தொட்டுப் பாருங்கள். சப்பையாக ஒட்டியிருந்தால் அடைப்பு டேங்க் பக்கம். கல் மாதிரி இருந்தால் எஞ்சின் பக்கம். அமுக்க அமுக்க எஞ்சின் உயிர் பிடித்தால் எஞ்சினிலுள்ள எண்ணெய் பம்பின் டயஃப்ரம், அந்த மெல்லிய சவ்வு, போயிருக்கும். இதற்கு ஸ்பானரே வேண்டாம்.

கடியப்பட்டணம்_காற்று:
மானிய மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கும், நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பெட்ரோல் எஞ்சினுக்கு மாறிவிடுங்கள்.

சுக்கான்:
பெட்ரோல் விலைக்கு ஒரு நாள் மீன்பிடியில் என்ன மிஞ்சும்? எண்ணெய்க் கன்னாஸை மழையில் திறந்து வைத்துவிட்டு மண்ணெண்ணெயைக் குறை சொல்லாதீர்கள். நிறுத்துவதற்கு முன் பெட்ரோலுக்கு மாற்றி ஓடவிட்டு அணைத்தால் மண்ணெண்ணெய் எஞ்சின் வருடக்கணக்கில் உழைக்கும்.

கடியப்பட்டணம்_காற்று:
அது மறுநாள் ஸ்டார்ட் ஆவதற்கு. இவர் எஞ்சின் ஸ்டார்ட் ஆகத்தானே செய்கிறது? தண்ணீர் அடியில் தங்குவதைப் பற்றி நான் பேசினால் நீங்கள் வேறெங்கோ போகிறீர்கள்.

குளச்சல்_மெக்கானிக்:
இரண்டு பேரும் முதலில் அவர் எழுதியதைப் படியுங்கள்.

முட்டம்_அலை:
வாதம் இருக்கட்டும். தம்பி, இரையுமன்துறை என்றால் தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாய் வழியாகத்தானே போவீர்கள்? அந்த மணல் திட்டில் எஞ்சின் அணைந்தால் வள்ளம் அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும், அடுத்த அலை கவிழ்த்துவிடும். அந்த வாயில் நாம் இழந்தவர்கள் போதும். நாளை ஒரு நாள் மீன் போனால் போகட்டும். வள்ளத்தை உள்ளே இறுக்கிக் கட்டி, கியரில் போட்டு அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். அணையாமல் ஓடினால் மட்டும் வெளியே போங்கள்.

இரண்டு நாள் கழித்து

இரையுமன்துறை_வள்ளம்:
கட்டிப்போட்டுப் பார்த்தேன். பல்பு சப்பையாக ஒட்டியது. காற்றுத் திருகு திறந்துதான் இருந்தது. டேங்குக்குள் உறிஞ்சும் குழாயின் சல்லடை முழுக்கக் கருப்பாகச் சேறு. அணைந்ததும் சேறு உதிர்ந்துவிடும்போல, அதனால்தான் மறுபடி ஓடியிருக்கிறது. கழுவிவிட்டேன். நேற்று மூன்று மணி நேரம் ஓடியது. எல்லோருக்கும் நன்றி, வலை ஏற்றப் போகிறேன்.

சுக்கான்:
டேங்க் அடியையும் கழுவினீர்களா? சேறு அங்கேயிருந்துதான் வரும்.

முட்டம்_அலை:
கழுவியிருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள் தம்பி.