அவசரம்: குதிரைக்கு முடி வெட்டி மாளவில்லை, இப்போது மெஷினும் மக்கர் பண்ணுகிறது

பிடரி_காற்று:
வணக்கம். வருடம் முழுக்க குதிரைக்கு முடி வெட்டிக்கொண்டே இருக்கிறேன். போன மாதம்தான் உடம்பு முழுக்க வெட்டினேன், அதற்குள் மறுபடி கம்பளி போர்த்தின மாதிரி ஆகிவிட்டது. கொஞ்ச தூரம் ஓட்டினாலே வயிற்றடியில் வியர்வை சொட்டுகிறது, காய மணிக்கணக்காகிறது. இன்று மெஷினைப் போட்டால் கோடு கோடாக விழுகிறது. விலாவுக்கு வந்ததும் பிளேடு முடியை மெல்லுகிறதே தவிர வெட்டவில்லை. ஒரு பக்கம் மொட்டை, மறுபக்கம் கரடி. நாளை ஆட்கள் பார்க்க வருகிறார்கள். பிளேடு புதுசு. உடனே சொல்லுங்கள்.

சாணைக்கல்:
ஸ்குரூ. வேறொன்றும் இல்லை. ரொம்ப இறுக்கினால் பிளேடு சூடேறும், தளர்ந்தால் முடி இரண்டு பிளேடுக்கும் நடுவில் மடங்கிப்போகும். நீங்கள் சொல்லும் "மெல்லுகிறது" அதுதான். மெஷினோடு வந்த புத்தகத்தில் எவ்வளவு இறுக்க வேண்டும் என்று இருக்கும், பாருங்கள்.

லாயத்து_அக்கா:
குதிரைக்கு என்ன வயது? உங்கள் பக்கம் இப்போது கோடையா குளிரா? வெட்டுவதற்கு முன்னால் குளிப்பாட்டினீர்களா? எண்ணெய் விட்டீர்களா? எதுவுமே சொல்லாமல் "உடனே சொல்லுங்கள்" என்றால் எப்படி தம்பி?

பிடரி_காற்று:
குளிப்பாட்டவில்லை. பிரஷ் போட்டேன். எண்ணெய் ஆரம்பத்தில் விட்டேன்.

லாயத்து_அக்கா:
அப்போது புது பிளேடு இப்போது புதுசில்லை. முடிக்கு அடியில், தோலை ஒட்டி ஒட்டடை மாதிரி பொடுகும் புழுதியும் இருக்கும். பிரஷ் மேலே இருப்பதைத்தான் எடுக்கும். அந்த மண் ஒரே நாளில் பிளேடை மழுக்கிவிடும். முந்தின நாளே குளிப்பாட்டி, நன்றாகக் காயவிட்டு வெட்டுங்கள். ஈர முடி வெட்டாது. ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி எண்ணெய் விட்டு, பிளேடைப் புறங்கையில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். முடி படிந்திருக்கும் திசைக்கு எதிராகப் போங்கள், ஒரு இழுப்பின் மேல் அடுத்தது பாதி ஏறவேண்டும். விலாவும் பின்னந்தொடையும் சேரும் மடிப்பில் மற்றக் கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், அங்கேதான் வெட்டுக்காயம் ஆகும்.

வயதும் பருவமும் இன்னும் சொல்லவில்லை.

பழைய_லாடம்:
இந்தக் கேள்வி இங்கே எத்தனையாவது தடவை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. தம்பி, குளிரால் முடி வளர்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான். வளரச் சொல்வது வெளிச்சம். பகல் குறைய ஆரம்பித்ததும் குளிர்கால முடிக்கு உடம்பு தயாராகும், பகல் நீள ஆரம்பித்ததும் உதிரத் தொடங்கும். லாயத்தில் ஒரு நாளைக்கு 16 மணி நேரம் வெளிச்சம் இருக்கும்படி விளக்குப் போடுங்கள், மெஷினையே தொட வேண்டாம். அது தவிர, வெட்ட வெட்ட முடி தடித்துத்தான் வளரும். நீங்களாக இழுத்துவிட்ட வினை.

குளம்படி:
வெளிச்சம் பற்றிச் சொன்னது சரி. வெட்டினால் தடிக்கும் என்பது கட்டுக்கதை. முடியின் வேர் தோலுக்குள் இருக்கிறது, மேலே வெட்டுவது அதற்கு எப்படித் தெரியும்? கூராக முடிந்த நுனி போய் மட்டமான நுனி வருவதால் கைக்குச் சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

பழைய_லாடம்:
நாற்பது வருடமாக வெட்டுகிறேன்.

குளம்படி:
நாற்பது வருடமும் வேர் உள்ளேதான் இருந்தது ஐயா.

சவாரி_பிரியன்:
நாளைக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றால் முகவாய் மீசையையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். பளிச்சென்று இருக்கும்.

லாயத்து_அக்கா:
தயவுசெய்து வேண்டாம். மூக்குக்கு நேர் கீழே இருப்பது குதிரையின் கண்ணுக்குத் தெரியாது. வாளியின் விளிம்பையும் தீனியையும் அந்த மீசையால்தான் தடவிக் கண்டுபிடிக்கும். மீசை மழித்த குதிரையைப் போட்டியில் இறக்கக் கூடாது என்று சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பே 2021 ஜூலை 1 முதல் விதி போட்டுவிட்டது. ஜெர்மனியில் அதற்கும் பல வருடம் முன்பே தடை.

சவாரி_பிரியன்:
அவர் போட்டிக்கா போகிறார்? வீட்டுக் குதிரைக்கு ஏன் சர்வதேச விதி?

குளம்படி:
வீட்டுக் குதிரைக்கு மூக்குக்குக் கீழே கண் முளைத்திருக்கிறதா?

சவாரி_பிரியன்:
கிண்டல் வேண்டாம். அப்படியானால் காதுக்குள் முடியையும் விடச் சொல்வீர்களா?

லாயத்து_அக்கா:
ஆமாம், உள்ளே விடத்தான் வேண்டும். பூச்சியையும் தூசியையும் தடுப்பதே அதுதான். இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்து வெளியே நீட்டுவதை மட்டும் எடுத்தால் போதும். சரி, பேச்சு எங்கேயோ போகிறது. பிடரி_காற்று, வயது?

பிடரி_காற்று:
மன்னிக்கவும், வெளியே போயிருந்தேன். 19 அல்லது 20 இருக்கும், வாங்கும்போது சரியாகச் சொல்லவில்லை. இப்போது நடுக்கோடை. ஏன்?

குளம்படி:
நடுக்கோடையிலா கரடி?!

லாயத்து_அக்கா:
இதைத்தான் முதலிலேயே கேட்டேன். பகல் நீளமாக இருக்கும் காலத்தில், இருபது வயதுக் குதிரைக்கு, வெட்டின ஒரு மாதத்தில் கம்பளி என்றால் பிளேடை மறந்துவிடுங்கள். முடி சுருள் சுருளாக இருக்கிறதா? தண்ணீர் அதிகம் குடித்து மூத்திரமும் அதிகம் போகிறதா? முதுகுச் சதை வற்றி வயிறு தொங்குகிறதா?

பிடரி_காற்று:
சுருள் உண்டு. வாளி சீக்கிரம் காலியாகிறது, வெயிலுக்கு என்று நினைத்தேன். முதுகெலும்பு தெரிகிறது. வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டேன்.

லாயத்து_அக்கா:
குஷிங் என்பார்கள். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் நடுப்பகுதி கட்டுப்பாடில்லாமல் சுரக்கும். 15 வயதைத் தாண்டிய குதிரைகளுக்கு அதிகம் வரும். கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு இரத்தத்தில் ஏசிடிஎச் (அந்தச் சுரப்பி விடும் ஹார்மோன்) எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். பெர்கோலைடு என்று மாத்திரை இருக்கிறது, அநேகமாக ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டியிருக்கும். முடி வெட்டுவதை நிறுத்த வேண்டாம், சூட்டுக்கு அது நிம்மதிதான்.

நான் பயப்படுவது லேமினைட்டிஸுக்கு, அதாவது குளம்புக்குள் வரும் அழற்சிக்கு. இப்போதே போய் நான்கு குளம்பையும் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தாலோ, குளம்புக்கு மேலே காலின் பின்பக்கம் நாடி விண் விண்ணென்று தெறித்தாலோ, திரும்பும்போது முன்னங்காலைப் பார்த்துப் பார்த்து வைத்தாலோ நாளை வரை காத்திருக்காதீர்கள்.

பழைய_லாடம்:
வயதை முதலிலேயே சொல்லியிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

குளம்படி:
விளக்குப் போடச் சொன்னீர்களே ஐயா.

*(நான்கு நாள் கழித்து)*

பிடரி_காற்று:
இரத்தம் எடுத்துப் போயிருக்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை. இடது முன்னங்குளம்பு கொஞ்சம் சூடு. மருத்துவர் அதைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் குந்தியே இருந்தார். சவாரி கூடாது, மணல் போட்ட இடத்தில் நிறுத்தச் சொன்னார். வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டேன். மறுபக்கம் இன்னும் கரடிதான். அக்காவுக்கு நன்றி.

சாணைக்கல்:
அந்த ஸ்குரூவைப் பார்த்தீர்களா?