வேகக் கிட்டாரை நேரில் கேட்ட அனுபவம்: வேலூர்ப் பக்கத்து நண்பர்கள் எழுதுங்கள்

சத்துவாச்சாரி வாசகன்:
2012, மின்வெட்டுக் காலம். சத்துவாச்சாரியில் ஒரு மாடி அறையில் நண்பனின் குழு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. நான் டிரம்ஸைத் தூக்கி ஏற்றிக் கொடுக்கப் போனவன். வாசித்தது, அதிவேகக் கிட்டாருக்குப் பேர்போன லண்டன் மெட்டல் குழு டிராகன்ஃபோர்ஸின் 2006 ஆல்பத்தில் முதல் பாட்டு, ‘த்ரூ தி ஃபயர் அண்ட் ஃப்ளேம்ஸ்’, உங்களுக்கே தெரியும். கிட்டார் தனியாகப் பாயும் இடம் வந்தபோது மின்சாரம் போய்விட்டது. ஆம்ப்ளிஃபையர் அடங்கியது, பாடியவன் நிறுத்தினான், டிரம்ஸும் நின்றது. கிட்டார்காரர் மட்டும் நிறுத்தவில்லை. காட்பாடியிலிருந்து வந்தவர், நாற்பது வயதிருக்கும். கும்மிருட்டில் வெறும் கம்பிச் சத்தம், பக்கத்து வீட்டில் தையல் இயந்திரம் ஓடுகிற அளவுக்குத்தான். ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக உதிர்ந்தது. அந்த வேகமெல்லாம் ஸ்டுடியோ வேலை என்று அதுவரை சொல்லித் திரிந்தவன் நான். அவர் பெயரைக்கூடக் கேட்காமல் படியிறங்கிவிட்டேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

தொரப்பாடி:
ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் வாசித்ததுதான் பெரிது என்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. டிஸ்டார்ஷனோடு (ஒலியைக் கரகரப்பாக்கும் அமைப்பு) வாசிப்பது அதைவிடக் கடினம். தொடாத கம்பி லேசாக அதிர்ந்தாலும் இரைச்சலாக வெளியே வந்துவிடும். வலது உள்ளங்கையின் ஓரம் அதை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

நான் பார்த்தது ஒரு கல்லூரி விழாப் போட்டியில். ஒரு பையன் உச்ச வேகத்தில் இருக்கும்போது பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) வியர்வையில் நழுவி மேடையில் விழுந்தது. முன்வரிசையில் இருந்த எனக்கு அது விழுந்த இடம் இன்னும் கண்ணில் நிற்கிறது, மானிட்டர் பெட்டியின் ஓரம், சிவப்பு நிறம். அவன் குனியவில்லை. இடது கை விரல்களால் கம்பியைத் தட்டியும் சுண்டியுமே மிச்சத்தை முடித்தான். பரிசு வேறு யாருக்கோ போனது.

ஆற்காட்டான்:
பவர் மெட்டல் (வேகமும் மெட்டும் கலந்த ஹெவி மெட்டல் வகை) என்றாலே டிராகன்ஃபோர்ஸ்தானா? ஜெர்மனியில் ஹாம்பர்க்கின் ஹெலோவீன் குழு 1987, 1988 என அடுத்தடுத்து வெளியிட்ட இரண்டு ஆல்பங்களைக் கேளுங்கள். இரண்டு கிட்டார்கள் கைகோத்துப் பாடும். வேகம் இருக்கும், முணுமுணுக்க ஒரு மெட்டும் இருக்கும்.

என் அப்பா தவில்காரர். ஒருநாள் ஸ்வீடன் கிட்டார் கலைஞர் மால்ம்ஸ்டீனின் 1984 ஆல்பம் கேசட்டில் ஓடிக்கொண்டிருந்தது. (அவர் பவர் மெட்டல் அல்ல என்று யாரும் வர வேண்டாம். அவர் இல்லாமல் இவர்களில் பாதிப் பேர் இந்த வேகத்துக்கு வந்திருக்க மாட்டார்கள்.) அப்பா திண்ணையில் உட்கார்ந்து தொடையில் விரலால் கணக்குப் போட்டார். "கீரவாணி" என்றார். பிறகு, "இவ்வளவு ஓடுகிறானே, ஓரிடத்தில் நின்று அசைக்க மாட்டானா?" என்றார். அந்த நொடியில் மால்ம்ஸ்டீன் ஒரே ஸ்வரத்தில் நின்று கம்பியை அகலமாக அசைத்தார். அப்பாவின் விரல் நின்றுவிட்டது. "அந்த இடத்தை இன்னொரு தரம் போடு." டியூஷனுக்கு நேரமாகிறது என்று நான் டேப்பை அணைத்துவிட்டுப் போய்விட்டேன். அவர் மறுபடி கேட்கவே இல்லை.

குடியாத்தம் கிட்டார்:
தொரப்பாடி நண்பர் சொன்ன பையனைப்போல் எனக்கும் ஒருவனைத் தெரியும். மணிக்கட்டில் துணிக்கட்டோடு வகுப்புக்கு வந்தான், வலியை மறைத்துக்கொண்டு வாசித்தான், மூன்று மாதம் கிட்டாரைத் தொட முடியாமல் போனது. அதனால் சொல்கிறேன், இளையவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த 2006 பாட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 தட்டு. தட்டுக்கு நான்கு ஸ்வரம் என்றால் நொடிக்குப் பதிமூன்று. முதல் நாளே அதை எட்ட நினைக்காதீர்கள். மெட்ரோனோமை (சீராகத் தட்டுப் போடும் கருவி) நிமிடத்துக்கு 80 தட்டில் வையுங்கள். தவறே இல்லாமல் ஐந்து முறை வந்த பிறகு நான்கு நான்காகக் கூட்டுங்கள். பிக்கின் நுனி கம்பியைத் தாண்டிப் போகும் தூரம் ஒரு நெல்மணி அளவைத் தாண்டக் கூடாது. வேகம் அந்தச் சிறிய அசைவில்தான் இருக்கிறது, பலத்தில் இல்லை. முழங்கை இறுகினால் உடனே நிறுத்துங்கள். ஸ்வீப் (பிக்கை ஒரே இழுப்பில் கம்பிகள் மேல் வரிசையாக ஓட்டும் முறை) பழகும்போது, அடுத்த கம்பிக்குப் போனதும் முந்தைய விரலைத் தளர்த்துங்கள், இல்லையென்றால் ஸ்வரங்கள் குழைந்து சேர்ந்தொலிக்கும் ஒரே கார்டு (chord) ஆகிவிடும். நம்மூர் மே மாத வெயிலில் வாசித்து முடித்ததும் கம்பிகளைத் துணியால் துடையுங்கள், வியர்வை உப்பில் துருப்பிடித்துவிடும். வலித்தால் ஓய்வெடுங்கள். இதில் வீம்பு வேண்டாம்.

சத்துவாச்சாரி வாசகன்:
குடியாத்தம் ஐயா, நான் வாசிப்பவன் இல்லை, கேட்பவன். ஆனால் என் தங்கை மகனிடம் இதைக் காட்டுகிறேன்.

தொரப்பாடி நண்பருக்கு: நான் பாதியைத்தான் எழுதினேன். அரை நிமிடம் கழித்துக் கீழ்க்கடைக்காரர் ஜெனரேட்டரை ஓடவிட்டார். ஆம்ப்ளிஃபையர் ஒரு சத்தத்தோடு உயிர்பெற்றபோது கிட்டார்காரர் நடு வரியில் இருந்தார். வலது கால் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. டிரம்ஸ்காரன் அந்தக் காலைப் பார்த்தே உள்ளே நுழைந்தான், சமத்தில் சரியாக விழுந்தது. தேய்ந்த ரப்பர் செருப்பு, நீல வார். காட்பாடிப் பக்கம் அவரை அறிந்தவர் இருந்தால், அன்று டிரம்ஸ் தூக்கியவன் வணக்கம் சொன்னான் என்று சொல்லுங்கள்.