பொட்டாஷ் மூட்டை ஏன் டிக் டிக் என்கிறது?

ஸ்டோர்க்காரன்:
பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பசளை ஸ்டோர் என் பொறுப்பு. சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் லீவில் வந்தபோது கதிர்வீச்சுப் பட்டால் டிக் டிக் என்று எண்ணும் சின்னக் கருவி, கைகர் எண்ணி ஒன்று கொண்டுவந்தான். லயத்துக் காம்பராவில் நிமிடத்துக்கு 20, 25 டிக். யூரியா மூட்டையிலும் அவ்வளவுதான். எம்.ஓ.பி. என்கிற பொட்டாஷ் பசளை மூட்டை மேல் வைத்தோம், 60ஐத் தாண்டிவிட்டது! பதினொரு வருடமாக அந்த மூட்டைகள் மேல் உட்கார்ந்துதான் பகல் சோறு சாப்பிடுகிறேன். அம்மாவிடம் சொன்னது என் தப்பு. "வெயில்ல காயப் போட்டா போயிடாதா?" என்கிறார். ஏ.எல். படிக்கும் தங்கச்சி அரைவாழ்வுக்காலம் அது இது என்று இன்னும் கிலியூட்டுகிறாள். இரண்டு வருடமாகக் இறுகிக் கட்டியாகிக் கிடக்கும் மூட்டையிலும் அதே டிக்தான். நாளாக நாளாகக் குறையாதா?

ஹட்டன் டியூஷன்:
தம்பி, யூரியாவிலும் வைத்துப் பார்த்தீர்கள் பாருங்கள், அதிலேயே பாதி விடை இருக்கிறது. யூரியாவில் பொற்றாசியம் இல்லை. எம்.ஓ.பி.யில் பாதி எடை அதுதான். இயற்கைப் பொற்றாசியத்தில் 0.0117 சதவீதம் பொற்றாசியம்-40 என்ற சமதானி, அதாவது அதே மூலகத்தின் நிறை வேறுபட்ட அணு வகை. அதன் கரு நிலையில்லாதது. பெரும்பாலும் உள்ளே ஒரு நியூத்திரன் புரோத்தனாக மாறி, ஓர் இலத்திரனை வெளியே தள்ளும், அணு கல்சியமாகிவிடும். பத்தில் ஒன்று போல ஆகன் வாயுவாகும். நாம் இழுக்கும் காற்றில் உள்ள ஆகனில் அநேகமாக எல்லாம் இப்படி வந்ததுதான்.

50 கிலோ மூட்டையில் செக்கனுக்கு ஏறத்தாழ ஏழே முக்கால் இலட்சம் கருக்கள் சிதைகின்றன. பயப்படாதீர்கள், இலத்திரன்களில் பெரும்பகுதி பசளைக்குள்ளேயே அடங்கிவிடும். உங்கள் உடம்பிலும் செக்கனுக்கு நாலாயிரம் போல நடக்கிறது. நுவரெலியா உருளைக்கிழங்கைச் சாப்பிட்டாலும் பொற்றாசியம்தானே.

அம்மாவுக்கு: வெயில் அணுவை ஆட்டும், கருவைத் தொடாது. காயப்போட்டாலும் ஊறப்போட்டாலும் சிதைவு ஒரே வேகம்தான்.

தங்கச்சிக்கு: இரண்டு ரூபாய்க் குற்றி நூறை எடுத்து வீசி, தலை விழுந்ததையெல்லாம் எடுத்துவிடச் சொல்லுங்கள். ஏறத்தாழ ஐம்பது மிஞ்சும். திரும்ப வீசினால் இருபத்தைந்து போல. எந்தக் குற்றி போகும் என்று யாராலும் சொல்ல முடியாது, எத்தனை போகும் என்று சொல்லலாம். இப்படிப் பாதியாகும் ஒரு வீச்சுக்கு எடுக்கும் காலம்தான் அரைவாழ்வுக்காலம். பொற்றாசியம்-40க்கு அது 125 கோடி ஆண்டு. உங்கள் மூட்டைக்கு ஆனது இரண்டே ஆண்டு!

டிக்கை விட, பசளைத் தூசிக் கையோடு சோறு பிசைவதுதான் எனக்குக் கவலை.

பலாங்கொடைப் பொடியன்:
அண்ணே, உங்கள் ஊரிலிருந்து ரோட்டைப் பிடித்து எங்கள் பக்கம் இறங்கினால் இதைவிடப் பெரிய சங்கதி இருக்கிறது. ஆனந்த குமாரசுவாமி, பிற்பாடு கலை ஆராய்ச்சிக்குப் பேர்போனவர், 1904இல் பலாங்கொடைப் பகுதி இரத்தினக்கல் சரளையில் கிடைத்த கனமான கறுப்புக் கனசதுரக் கல் ஒன்றைப் பற்றி முதன்முதலில் விவரித்தார். அந்தக் கனிமம்தான் தோரியனைட். அதிலுள்ள தோரியத்தின் அரைவாழ்வு 1,405 கோடி ஆண்டு.

கேள்விக்காரி:
இத்தனை மூட்டை ஒரே ஸ்டோரில் கிடந்தால் குண்டு மாதிரி வெடிக்காதா?

ஹட்டன் டியூஷன்:
வெடிக்காது மகள். குண்டில் நடப்பது கருப்பிளவு. யுரேனியம்-235 ஒரு நியூத்திரனை வாங்கி இரண்டாகப் பிளந்து, இரண்டு மூன்று நியூத்திரன்களை விடும். அவை அடுத்த கருக்களைப் பிளக்கும், சங்கிலி ஓடும். பொற்றாசியம் அப்படி அடுத்ததைத் தூண்டாது. ஆயிரம் மூட்டை அடுக்கினாலும் ஒவ்வொரு அணுவும் தனித்தனியாகத்தான் போகும்.

ஸ்டோர்க்காரன்:
நன்றி சேர். அம்மா சமாதானமாகவில்லை, உட்கார ஸ்டூல் ஒன்று தந்து அனுப்பியிருக்கிறார். தங்கச்சி என் சில்லறையை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மூன்றாவது வீச்சில் 14 மிஞ்சியதாம்.