சோயா இலை வெளிறுகிறது, யூரியா போடலாமா?

வெள்ளவத்தைவாசி:
நான் இருப்பது கொழும்பில், காணி வவுனியாவில். நெல் வெட்டிய வயலில் இந்தச் சிறுபோகத்துக்கு முதல்தடவையாகச் சோயா போட்டோம், விதைத்து ஒரு மாதமாகிறது. மாமா வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் கீழ் இலையெல்லாம் வெளிர்மஞ்சள், செடியில் வளர்த்தியும் இல்லை. அடிப்பசளையாக ரி.எஸ்.பியும் (பொஸ்பரஸ் பசளை) எம்.ஓ.பியும் (பொட்டாசியப் பசளை) போட்டதாம். இப்போது யூரியா போடவா என்கிறார். அவரை இனத்துக்கு யூரியா தேவையில்லை என்றுதானே சொல்வார்கள்?

வன்னிமண்:
முதலில் வேரைப் பார்க்கச் சொல்லுங்கள் தம்பி. செடியைப் பிடுங்கினால் வேரிலுள்ள முடிச்சு மண்ணோடு நின்றுவிடும், அதனால் மண்வெட்டியால் சுற்றி வெட்டி எடுத்து, வாளித் தண்ணீரில் மண்ணைக் கரைத்துவிட்டுப் பார்க்கவேண்டும். ஆணிவேரை ஒட்டி மிளகளவில் முடிச்சு இருக்கும். நகத்தால் கிள்ள உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலுள்ள நைதரசனை எடுக்கிறது, யூரியா வேண்டாம், போட்டால் முடிச்சுத்தான் குறையும். பச்சையாக இருந்தால் அது வேலை செய்யவில்லை. விதைக்கு றைசோபியம், அதாவது வேரில் இந்த முடிச்சை உண்டாக்கும் பக்றீரியா, கலந்தீர்களா? பயறு, கௌபிக்கு ஊர் மண்ணில் உள்ளதே பிடிக்கும், சோயாவுக்கு அதற்கென்றே தனி இனம் வேண்டும், சோயா போட்டே இராத வயலில் அது பெரும்பாலும் இருக்காது.

வெள்ளவத்தைவாசி:
கலக்கவில்லையாம் அண்ணை. வேரில் ஒரு முடிச்சுக்கூட இல்லை.

மண்வாசம்:
சரி, அப்படியென்றால் யூரியா போட்டே ஆகவேண்டும், தயங்காதீர்கள். ஒரு தொன் சோயா விளைய ஏறக்குறைய 80 கிலோ நைதரசன் வேண்டும், முடிச்சு இல்லாத வயலில் மண் மட்டும் அவ்வளவைத் தராது. ஒரேயடியாகக் கொட்டாமல் இப்போது ஒரு பங்கு, பூக்கத் தொடங்கும்போது ஒரு பங்கு, மண் ஈரமாகவும் இலை காய்ந்தும் இருக்கும் நேரம் பார்த்துப் போடச் சொல்லுங்கள். அளவை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். நெல் வயல் என்கிறீர்கள், தண்ணீர் தேங்குகிறதா? தேங்கினால் வேர் மூச்சுவிடாது, அதற்கும் இலை மஞ்சளாகும், வாய்க்கால் வெட்டாமல் யூரியா போடுவது வீண்.

வெள்ளவத்தைவாசி:
ஒரு மூலையில் தேங்குகிறதாம், வெட்டச் சொல்கிறேன். ரி.எஸ்.பி விலைக்கு அடுத்தமுறை எப்பாவலயில் தோண்டியெடுக்கும் பாறைப் பொஸ்பேற் போதாதா? றைசோபியத்தை நான் இங்கே வாங்கி பஸ்ஸில் கொண்டுபோகலாமா?

வன்னிமண்:
எப்பாவலப் பாறைத்தூள் மெல்ல மெல்லக் கரைவது, தேயிலை, தென்னைக்குச் சரி, மூன்று மாதப் பயிர் அது கரையும்வரை காத்திருக்காது. ரி.எஸ்.பியையே போடுங்கள். றைசோபியம் உயிருள்ள சாமான், வெயில் பட்டால் செத்துவிடும், பஸ் தட்டில் சூட்டில் போடாமல் குளிராக வைத்துக் கொண்டுபோங்கள். நிழலில் சீனித்தண்ணீர் தெளித்து விதையில் பிரட்டி அன்றைக்கே விதைக்கவேண்டும், பூஞ்சண மருந்தோ பசளையோ அதோடு சேரக்கூடாது.