பொருள்: 'டை-இன்' நாவலுக்குத் தமிழில் ஒரு சொல் (வெள்ளிக்கிழமைக்குள்!)

திருநகர், திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்துக்கு ஒரு வீட்டுப் பரணிலிருந்து இரண்டு அட்டைப்பெட்டி நிறைய ஆங்கில அறிபுனைப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. எல்லாம் பழைய பேப்பர்பேக். பாதிக்கு மேல் டாக்டர் ஹூ, ஸ்டார் ட்ரெக், ஸ்டார் வார்ஸ் என்று டிவி தொடரையோ படத்தையோ ஒட்டி எழுதியவை. ஆங்கிலத்தில் இவற்றை 'டை-இன்' என்பார்கள். ஒன்றில் இராமபாணப் பூச்சி முன்னட்டையில் நுழைந்து பின்னட்டையில் வெளியேறியிருக்கிறது. பக்கத்துக்கு ஓர் எழுத்துதான் போச்சு, வாசித்துவிடலாம். ஏழெட்டுப் பேர் கைமாற்றி வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை இவற்றைக் காட்சிக்கு வைக்கிறோம். ஃபிளெக்ஸ் கடைக்காரர் வெள்ளி மாலைக்குள் வாசகம் கேட்கிறார். 'டை-இன்' என்று போட்டால் பிள்ளைகள் பள்ளிக்கூட டையை நினைப்பார்கள். 'இணைப்பு நாவல்' என்றால் தீபாவளி மலரோடு வரும் இலவச இணைப்பு. இதில் இரண்டு வகை வேறு: படத்தின் கதையையே திரும்பச் சொல்வது, அதே பாத்திரங்களை வைத்துப் புதுக்கதை சொல்வது. ஜேம்ஸ் பிளிஷ் 1967 முதல் ஸ்டார் ட்ரெக் அத்தியாயங்களைக் கதைகளாக எழுதிவந்தார். 1970-இல் அவரே சொந்தமாக ஒரு ஸ்டார் ட்ரெக் நாவல் எழுதினார். ஒரே ஆள், இரண்டு வேலை. ஒரு சொல் போதுமா, இரண்டு வேண்டுமா?

மேலூர், செவ்வாய் காலை

அம்மா, இதற்குப் புதுச்சொல் எதற்கு? முதல், வழி, சார்பு என்று நூலை நன்னூல் மூன்றாக வகுத்துவிட்டது. "முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப் பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி அழியா மரபினது வழிநூ லாகும்." முடிவு மூலத்தோடு ஒத்திருக்க வேண்டும், பின்னால் வருகிறவன் தனக்கு வேண்டிய வேறுபாட்டைச் செய்துகொள்ளலாம். ஆக, படக்கதையைத் திரும்பச் சொல்வது வழிநூல். புதுக்கதை சார்புநூல், பவணந்தியார் அதைப் புடைநூல் என்றும் சொல்வார். புடை என்றால் பக்கம். புடைசூழ வந்தான் என்கிறோமே, அதுதான். புடவைகூட உடம்பின் புடையெல்லாம் சுற்றுவதால் வந்த பெயர் என்பது என் நெடுநாள் எண்ணம். அதைத் தனி மடலில் விரிக்கிறேன்.

அனுப்பானடி, செவ்வாய் மதியம்

ஐயா, புடவை தனி மடலிலேயே இருக்கட்டும். 'புடைநூல்' என்று போர்டு வைத்தால் நம்மூரில் யாரை யார் புடைச்சது என்று கேட்பார்கள்.

வழிநூலிலும் ஒரு சிக்கல். நீர்மூழ்கியைச் சுருக்கி மனித உடம்புக்குள் அனுப்பும் படம் ஒன்று 1966-இல் வந்தது. அதன் திரைக்கதையை வைத்து அறிபுனை எழுத்தாளர் அஸிமோவ் எழுதிய நாவல், படத்துக்கு முன்பே கடைக்கு வந்துவிட்டது. ஸ்டார் வார்ஸ் நாவல் வந்தது 1976 கடைசியில், படம் 1977 மே மாதம். பிள்ளை பிறந்து அஞ்சாறு மாசம் கழித்து அப்பா பிறந்த கதை. இது எப்படி வழிநூல்?

ஆனால் அந்த விகற்பம் என்ற சொல் அருமை. படத்தில் நீர்மூழ்கியை வெள்ளணு விழுங்கிவிடும். ஆட்கள் மட்டும் கண்ணீர் வழியாகத் தப்புவார்கள். உள்ளே கிடப்பது பழைய அளவுக்குப் பெருத்தால் நோயாளி கதி? அஸிமோவுக்கு அது பொறுக்கவில்லை. நாவலில் அந்த வெள்ளணுவையும் கூடவே வெளியே இழுத்துவந்து கணக்கை நேர்செய்துவிட்டார்.

மேலூர், செவ்வாய் இரவு

முதல்நூல் படமில்லை தம்பி, திரைக்கதை. அது முன்னாலேயே இருந்ததா இல்லையா?

திருநகர், புதன் காலை

திரைக்கதை சரிங்க ஐயா. மூலமே காணாமல் போனால்? 1960-களின் டாக்டர் ஹூ நாடாக்கள் பலவற்றை பிபிசி அழித்துவிட்டது. சில பகுதிகளின் படம் இன்றுவரை கிடைக்கவில்லை. அந்தக் கதைகளை நாங்கள் நாவலில்தான் வாசிக்கிறோம். டெரன்ஸ் டிக்ஸ் ஒருவரே டாக்டர் ஹூவுக்கு அறுபதுக்கு மேல் எழுதிக் குவித்திருக்கிறார்.

மேலூர், புதன் மதியம்

இதுவும் நமக்குப் புதிதில்லை. குண்டலகேசி முழுதாகக் கிடைக்கவில்லை. அதை மறுக்க எழுந்த நீலகேசி கிடைக்கிறது. அப்புறம், இரட்டைக் காப்பியம் என்று சொல்லிக் கொடுத்தோமே, யோசித்துப் பாருங்கள்: கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மகளை எடுத்துவைத்து இன்னொரு புலவர் தனிக்காப்பியம் பாடுகிறார். சிலம்பின் புடைநூல் மணிமேகலை! முப்பது வருடம் வகுப்பெடுத்தும் இது எனக்குத் தோன்றவில்லை. ஸ்டார் ட்ரெக் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

நத்தம், புதன் இரவு

நான் இலக்கணம் படித்தவன் இல்லை, மாந்தோப்பு வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் வார்த்தை ஒன்று: ஒட்டு. வேர்ச்செடியைச் சீவி, வேறொரு மரத்துக் குச்சியை ஆப்பு மாதிரி செதுக்கி உள்ளே செருகி, பட்டையும் பட்டையும் பொருந்தப் பாலிதீன் நாடாவால் இறுக்கிக் கட்டுவோம். அதற்குப் பெயரே ஒட்டுக்கட்டுவது. உங்கள் 'டை' அதிலேயே இருக்கிறது. வேர் தொடருடையது, கிளை எழுத்தாளருடையது, பழத்தின் ருசி கிளையைப் பொறுத்தது. 'ஒட்டுநாவல்' என்று போடலாமே?

செல்லூர், வியாழன் காலை

அண்ணே, பிரமாதம். ஆனால் என் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன். "நாவ மரத்துலயும் ஒட்டு உண்டா மிஸ்?" என்று கேட்டான் ஒருவன். மதுரைக்காரர்களுக்கு நாவல் என்றதும் பழமுதிர்சோலைதானே கண்ணில் வரும்? ஔவையிடம் முருகன் கேட்ட கேள்வியை இங்கேயும் கேட்கலாம். உரிமம் வாங்கி எழுதியது சுடாத நாவல். ரசிகர்கள் உரிமம் இல்லாமல் இணையத்தில் எழுதுவது சுட்ட நாவல். ரசிகர் எழுதுவதிலும் நல்ல பழம் உண்டு, அது வேறு விஷயம்.

தெற்குமாசி வீதி, வியாழன் மதியம்

நாவல் என்பதே தமிழ் இல்லை. அதில் ஒட்டென்ன, சுட்டதென்ன? 'சார்புப் புதினம்' என்று எழுதுங்கள்.

செல்லூர், வியாழன் மதியம்

எங்கள் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துப் பாட்டி காலையில் "என்ன புதினம்?" என்று கேட்டால் நாட்டு நடப்பைக் கேட்கிறார் என்று அர்த்தம். 'சார்புப் புதினம்' என்றால் ஒருதலைப்பட்சமான செய்தி என்று எடுத்துக்கொள்வார்.

தெற்குமாசி வீதி, வியாழன் மாலை

பலகை மதுரையில்தானே வைக்கிறீர்கள்?

அனுப்பானடி, வெள்ளி காலை

யாராவது முடிவு சொல்லுங்கள். இதுவரை எண்ணிப் பார்த்ததில் ஒட்டுநாவல் ஐந்து பேர், வழிநூலும் புடைநூலும் இரண்டு பேர், சார்புப் புதினம் ஒருவர். மீதிப் பேர் வாசிக்கிறார்களா என்றே தெரியவில்லை.

திருநகர், சனி காலை

நேற்று ஐந்து மணிக்குக் கொடுத்துவிட்டேன். படக்கதையைச் சொல்பவற்றுக்கு 'திரைவழி நாவல்', புதுக்கதைகளுக்கு 'ஒட்டுநாவல்'. வழி என்பது மேலூர் ஐயாவுக்காக. இன்று காலை ஃபிளெக்ஸை விரித்துப் பார்த்தால் நாலடி நீளத்துக்கு 'ஓட்டுநாவல்' என்று இருக்கிறது. கால் முளைத்துவிட்டது. தேர்தல் அலுவலகம் என்று யாரும் உள்ளே வராமல் இருக்க வேண்டும். திரும்ப அடிக்க நேரமில்லை. கால் மேல் வெள்ளைத்தாள் ஒட்டப் போகிறேன்.

நத்தம், சனி காலை

ஒட்டு என்றால் ஒட்டத்தானே வேண்டும்!

மேலூர், சனி இரவு

புடைநூல் என்பதில் எனக்கு மாற்றமில்லை. நிகண்டு பார்த்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். அது கிடக்கட்டும், டாக்டர் ஹூவின் எதிரி டாலெக் படம் போட்ட அந்தப் புத்தகம் இப்போது யார் கையில் இருக்கிறது? பூச்சி துளைத்தது. அறுபதாம் பக்கத்தில் நிற்கிறேன், நாளைக்குக் காட்சி முடிந்ததும் எனக்கு வேண்டும்.