மறு: இலை ‘சோர்ஸ்’, கிழங்கு ‘சிங்க்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

தாவரச் செயலியல் பாடமொன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இலை செய்த சர்க்கரையில் தன் செலவு போக மிஞ்சியது சுக்ரோசாகி, உணவு கடத்தும் திசுவான புளோயத்தின் சல்லடைக் குழாய்கள் வழியே வேர், கிழங்கு, காய் என்று போய்ச் சேர்கிறது. அனுப்பும் பக்கம் ‘சோர்ஸ்’, பெறும் பக்கம் ‘சிங்க்’. முன்னதற்கு ‘மூலம்’ என்று போட்டுவிட்டேன். பின்னதற்குச் சொல் அகப்படவில்லை. உதவுங்கள்.
– ந.

> ‘மூலம்’ என்று போட்டுவிட்டேன்

மூலம் என்றால் வேர், கிழங்கு. கந்தமூலம் என்கிறோமே! இலையை மூலம் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் வேர் வாங்குகிறது என்றால் மாணவன் எதை நம்புவான்? (மருத்துவப் பொருளை நான் எடுக்கவே இல்லை.) தவிர, அது தமிழே அல்ல. சிங்க்குக்குத் ‘தாழி’ என்க. தாழ் என்பது அடி. தாழ்ந்த இடத்துக்குத்தான் எதுவும் வடியும். தாழ்ப்பாளும் தாழையும் அங்கிருந்தே கிளைத்தவை என்று தனிமடலில் நிறுவுகிறேன்.
– அ.

ஐயா, இறந்தவரைப் புதைக்கும் ‘ஈமத் தாழி’ புறநானூற்றிலேயே இருக்கிறது. வளரும் காய்க்கு அந்தப் பெயரா? வடியும் என்பதும் பொருந்தாது. சர்க்கரை பள்ளம் பார்த்துப் போவதில்லை. இலைப் பக்கத்தில் குழாய்க்குள் சுக்ரோஸ் ஏறுகிறது. அதன் பின்னாலேயே, நீர் கடத்தும் திசுவான சைலத்திலிருந்து நீர் நுழைந்து அழுத்தம் கூடுகிறது. மறுமுனையில் சர்க்கரை இறங்க, நீரும் வெளியேறி அழுத்தம் குறைகிறது. இந்த வேறுபாடே சாற்றைத் தள்ளுகிறது என்பது 1930இல் எர்ன்ஸ்ட் முன்ச் விரித்துச் சொன்ன விளக்கம். உச்சித் தளிருக்குச் சாறு மேல்நோக்கித்தான் போகிறது. ‘வழங்கி – ஏற்பி’ போதுமே.
– இ.

அம்மா, ‘வழங்கி’யைக் கணினிக்காரர்கள் சர்வருக்கு எடுத்துக்கொண்டார்கள். ‘ஏற்பி’ உயிரியலிலேயே ரிசெப்டருக்குப் போய்விட்டது. பெறுபவரைச் சுட்டும் நான்காம் வேற்றுமையைப் பாருங்கள்: ‘எப்பொருள் ஆயினும் கொள்ளும்’ என்கிறது தொல்காப்பியம். ஆகவே ‘கொள்வி’.
– செ.

கேள் – கேள்வி, வேள் – வேள்வி. இரண்டும் தொழிற்பெயர். கொள்வியும் கொள்ளும் தொழிலைத்தான் சொல்லும், கொள்ளும் உறுப்பை அல்ல. தாழியை நான் இன்னும் கைவிடவில்லை.
– அ.

உறுப்புக்குப் பெயர் வைக்கப் பார்ப்பதுதான் சிக்கல். உருளைக்கிழங்கு திரளும்போது சுக்ரோசை வாங்கி, உடைத்து, ஸ்டார்ச்சாகச் சேர்க்கிறது. முளைவிடும்போது அதே ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக்கி முளைக்குக் கொடுக்கிறது. இலையும் அப்படித்தான். தளிர் முதலில் வாங்கித்தான் வளர்கிறது, பிறகே அனுப்பத் தொடங்குகிறது. இருவித்திலைத் தாவரங்கள் பலவற்றில் இந்த மாற்றம் நுனியில் தொடங்கி அடிநோக்கி இறங்குகிறது. இடைப்பட்ட காலத்தில் ஒரே இலையில் நுனி அனுப்பிக்கொண்டிருக்கும், அடி வாங்கிக்கொண்டிருக்கும். எந்த உறுப்பு என்பதை விட்டுவிட்டு, இப்போது எந்த இடம் என்று மட்டும் சொன்னால் போதும். ‘தருமிடம் – பெறுமிடம்’. வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் பொருள் கேட்கவில்லை.
– இ.

பொருள் கேட்காததெல்லாம் கலைச்சொல் ஆகிவிடுமா? அது வெறும் பேச்சு. மேலும் ‘தா என் கிளவி ஒப்போன் கூற்றே’ என்கிறது தொல்காப்பியம்; ‘தா’ என்பது சமமானவர்களுக்குள் வழங்கும் சொல். இலையும் வேரும் ஒப்பா? ‘ஸ்டார்ச்’ என்று கூசாமல் எழுதும் குழுவில் இதைக் கேட்டுப் பயனில்லைதான்.
– அ.

ஈழத்துப் பாடநூல்களில் அதற்கு ‘மாப்பொருள்’ என்று நல்ல சொல் இருக்கிறது. புளோயத்துக்கு ‘உரியம்’, சைலத்துக்குக் ‘காழ்’. நாம்தான் எட்டிப் பார்ப்பதில்லை. தருமிடம் – பெறுமிடம் எனக்குச் சம்மதம், பெரிய உற்சாகம் இல்லாவிட்டாலும்.
– செ.

எல்லோருக்கும் நன்றி. தருமிடம் – பெறுமிடம் என்றே போடுகிறேன். இலை பகலில் பசுங்கணிகத்தில் சேர்த்த மாப்பொருளை இரவில் உடைத்து அனுப்பும் பத்திக்கும் இந்தச் சோடி இடறாமல் பொருந்துகிறது. அ. ஐயா, வெண்ணெய் திரளும் நேரம். தாழியை உடைக்க வேண்டாம். அடுத்து, சர்க்கரை குழாய்க்குள் ஏறுவதைச் சொல்லும் ‘லோடிங்’ வருகிறது. ‘ஏற்றம்’ எனலாமா?
– ந.

போடுங்கள். என் மறுப்பைப் பதிவு செய்க. ‘ஏற்றம்’ கூடவே கூடாது. காரணம் நாளை விரிவாக.
– அ.